நிக்கல் காசுக்கு விலை சொல்லும் செயலி: என் அனுபவம்

படம் எடுத்துக் காட்டினால் காசின் விலை சொல்லும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, என்னிடம் இருக்கும் பழைய அமெரிக்க 5 சென்ட் காசுகளை (இவற்றைத்தான் நிக்கல் என்பார்கள்) ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தேன். பொதுவான வகையைச் சரியாகச் சொல்கிறது, விலையில்தான் கோட்டை விடுகிறது. 1943 காசைச் சாதாரண ஜெஃபர்சன் (அதிபர் ஜெஃபர்சன் முகம் பொறித்த காசு) என்று தள்ளிவிட்டது. பின்பக்கம் இருக்கும் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிய 'பி' எழுத்து இருந்தால் அது 35 சதவீதம் வெள்ளி கலந்த போர்க்காலக் காசு, இதைக்கூடவா கவனிக்காது? ஆண்டு தேய்ந்து அழிந்த எருமைக் காசுக்கும் (எருமை உருவம் பொறித்த பழைய 5 சென்ட்) நல்ல விலை போடுகிறது, ஆனால் ஆண்டு தெரியாவிட்டால் மதிப்பு பெரும்பாலும் போய்விடும். அப்புறம் 10 மடங்கு லென்ஸ் வாங்கினேன். 1937இல் டென்வர் நாணயச் சாலையில் அடித்த எருமைக் காசுகளில், அச்சில் ஒரு கால் விடுபட்ட அரிய வகை ஒன்று உண்டு; என் காசில் எருமைக்கு நிஜமாகவே மூன்று கால்தானா, இல்லை யாராவது நான்காவதைச் சுரண்டி எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க அதுதான் உதவுகிறது. சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை.