மூணு வருஷம், ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு பாழாப்போன கேபிள்

நேத்து நைட்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டுருந்தா, "அக்கா, நீங்க ஷார்ட் ஃபிலிம் எடிட் பண்ணீங்களே, அதே ஹார்ட் டிஸ்க் ஆஃபர்ல வந்துருக்கு, வாங்கட்டுமா?"ன்னு. வாங்காதன்னு டைப் பண்ணேன், அழிச்சேன். வாங்குன்னு டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன். ரெண்டு வரில சொல்ற விஷயமா அது, அதான் முழுசா எழுதிடறேன். பிராண்ட் பேரு கேக்காதீங்க, எல்லா கடையிலயும் தொங்குற அந்த கருப்பு டப்பா தான், உள்ள சுத்துற தட்டு, 2 டிபின்னு அட்டையில போட்டுருப்பான், விண்டோஸ்ல சொருகினா 1.81ன்னு காட்டும், அது ஏமாத்து இல்ல, அவன் ஆயிரம் கணக்குல எண்றான், விண்டோஸ் 1024 கணக்குல எண்ணுது, அவ்ளோதான்.

ஃபைனல் இயர்ல எங்க செட்டு பையன் டைரக்ட் பண்ண படம், 11 நிமிஷம், பெரம்பூர்ல அவங்க அத்தை வீட்லயே ஷூட்டிங், அத்தையே ஹீரோயின். 4கே, செகண்டுக்கு 100 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நாலரை மணி நேரம் எடுத்து வச்சிருந்தான், மொத்தம் 200 ஜிபி. எடிட்டிங் என் தலையில.

முதல் ஒரு மாசம் நான் இந்த டிஸ்க்க திட்டாத திட்டு இல்ல. டைம்லைன்ல ப்ளே அழுத்தினா சவுண்டு போகும், படம் நிக்கும், அப்புறம் நாலு ஃப்ரேம் தாண்டி குதிக்கும். ஸ்லோ டிஸ்க், குப்பை டிஸ்க்னு ஊரெல்லாம் சொன்னேன். அப்புறம் எங்க சீனியர் ஒருத்தர் டாஸ்க் மேனேஜர திறந்து காட்டினார், டிஸ்க் பாட்டுக்கு சும்மா உக்காந்துருக்கு, சிபியு தான் 100ல மூச்சு வாங்குது. எட்டு பிட் சேந்தா தான் ஒரு பைட், அப்ப 100 மெகாபிட்னா செகண்டுக்கு 12.5 எம்பி தான, இந்த டிஸ்க் 120 வரைக்கும் குடுக்கும். பிரச்சனை எச்.264, கேமரா வீடியோவ சுருக்கி வைக்கிற முறை. அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழு படமா இருக்காது, முன்னாடி பின்னாடி ஃப்ரேம்ல இருந்து என்ன மாறிச்சுங்கறத மட்டும் தான் எழுதி வச்சிருக்கும், நடுவுல ஒரு இடத்துல நிறுத்தினா ப்ராசஸர் சுத்தி இருக்கறதையும் பிரிச்சு கணக்கு போட்டு தான் அந்த ஒரு ஃப்ரேம காட்டும். நான் எடிட் பண்ற சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ், அதுல நைட்டு ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் லேசான டூப்ளிகேட் வீடியோ) போட விட்டுட்டு தூங்கினேன், காலைல வெண்ணெய் மாதிரி ஓடுது. பாவம், ஒரு மாசம் சும்மா இருந்தவன திட்டிருக்கேன்.

ஆனா கேபிள். அதுக்கு மன்னிப்பே கிடையாது.

அந்த அகலமான, ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருக்குற மைக்ரோ பி போர்ட்டு, அத கண்டுபிடிச்சவன் கண்டிப்பா மேசை மேல வச்சு வேலை பாத்துருக்க மாட்டான். லேசா டப்பாவ நகத்தினா போதும், விண்டோஸ் "டுடுங்"னு ஒரு சத்தம் போடும், டிஸ்க் காணோம். அத விட மோசம் பாதி காண்டாக்ட். அந்த போர்ட்டுல ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி 2 பின்னுங்க, இன்னொரு பக்கம் 3க்கான எக்ஸ்ட்ரா பின்னுங்க, எக்ஸ்ட்ரா பக்கம் சரியா உக்காரலைன்னா டிஸ்க் வேலை செய்யும், ஆனா செகண்டுக்கு 35 எம்பில. 200 ஜிபி காப்பி அரை மணி நேரத்துல முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் இழுக்கும், நமக்கு என்னன்னே புரியாது. ஒரு தடவ பெரம்பூர் மழை சத்தத்த காப்பி பண்றப்ப நடுவுல கழண்டுச்சு, ஃபைல் இருக்கு, சைஸ் சைபர். அப்ப டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மேட்ல வச்சிருந்தேன், ஏன்னா கலர் கிரேடிங் பண்ற பையன்கிட்ட மேக், விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருந்தா மேக்ல படிக்கலாம், எழுத முடியாது. ஆனா எக்ஸ்ஃபேட்ல ஜர்னலிங் (என்ன மாத்தப் போறோம்னு முன்னாடியே குறிச்சு வைக்கிறது) இல்ல, எழுதிட்டு இருக்கறப்ப புடுங்கினா கேட்பாரில்லை. அதுக்கப்புறம் மழை எங்க வந்துச்சு, பாத்ரூம் ஷவர தகர ஷீட் மேல விட்டு ரெக்கார்ட் பண்ணோம்.

(அந்த மேக் பையன்கிட்ட டிஸ்க்க குடுத்தப்ப இன்னொரு கூத்து. வீட்டுக்கு போயி ஃபோன் பண்றான், "ஃபுட்டேஜ் எல்லாம் இருக்கு, ப்ராஜெக்ட் எங்க?"ன்னு. ரிசால்வ் ப்ராஜெக்ட்ட டேட்டாபேஸ்ல வைக்கும், அது என் லேப்டாப்புக்குள்ள இருக்கு, தனியா எக்ஸ்போர்ட் பண்ணி தரணும். எனக்கு தெரியல.)

சரி, மெயின் மேட்டருக்கு வரேன். சப்மிஷனுக்கு முந்தின நைட்டு, மூணு மணி, ரெண்டர் (எடிட் பண்ண படத்த ஒரே ஃபைலா எழுதறது) போட்டுட்டு டீ குடிக்க போனோம். திரும்பி வந்தா முடிஞ்சுருக்கு. ஃபைல் வந்துருச்சுல்ல, பென் டிரைவ்ல ஏத்தினேன், காலைல அப்டியே குடுத்துட்டேன். ஸ்க்ரீனிங்ல, அத்தை அடுப்ப தொடச்சிட்டு நிமிர்ற க்ளோசப்ல, முழு ஸ்க்ரீனும் சிவப்பு. "மீடியா ஆஃப்லைன்"னு எழுத்து. ரெண்டு செகண்டு. ரெண்டர் நடக்கறப்ப எப்பவோ கேபிள் ஆடிருக்கு, டிஸ்க் போயி திரும்பி வந்துருக்கு, அந்த ரெண்டு செகண்டுக்கு ரிசால்வுக்கு ஃபுட்டேஜ் கிடைக்கல. ஹால்ல ஒருத்தரும் சிரிக்கல, அது தான் ஆச்சரியம். படம் முடிஞ்சதும் எங்க எச்ஓடி எழுந்து, "அந்த ரெட் ஃப்ரேம், மீடியா மேல வைக்கிற விமர்சனம் தானே?"ன்னு கேட்டார். டைரக்டர் ஒரு செகண்ட் என்ன பாத்தான், "ஆமா சார்"னுட்டான்.

அதுல இருந்து ரெண்டர் ஆகி வந்த படத்த முதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாக்காம யார்கிட்டயும் குடுக்கறதில்ல, 11 நிமிஷம் தான. ரிசால்வ்ல பிரச்சனைன்னா ரெண்டர நிறுத்துற ஆப்ஷனும் ப்ரிஃபரன்சஸ்ல இருக்கு, டிக் போட்டு வச்சிருக்கேன்.

கேபிள ரிச்சி ஸ்ட்ரீட்ல மூணு தடவ மாத்திட்டேன். மூணாவது கேபிள டப்பாவோட சேத்து ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு கட்டி வச்சிருக்கேன், ஆறு மாசமா ஆடல. அசிங்கமா இருக்கும், ஆனா ஆடல. டிஸ்க்க பத்தி சொல்லணும்னா நியாயமா ஒரு குறை கூட இல்ல, ரெண்டு தடவ கீழ விழுந்துருக்கு, ஒரு கல்யாண வீட்ல சாம்பார் வாளி பக்கத்துல இருந்துருக்கு, ஒரு ஃபைல் கூட தானா போனதில்ல. சுத்துற தட்டு எப்ப வேணா போகும்ங்கறதால எல்லாத்துக்கும் வேற ஒரு காப்பி வேற வீட்ல இருக்கு, அது வேற விஷயம்.

தங்கச்சிக்கு கடைசில "வேணாம்மா, டைப் சி போர்ட்டு போட்ட, சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டியா பாத்து வாங்கு, சின்னதா இருந்தாலும் பரவால்ல"ன்னு அனுப்பிட்டேன். கூடவே அந்த ஆஃபர் ரேட்டு எவ்ளோன்னும் கேட்டு வச்சிருக்கேன், எனக்கு தான், இன்னும் ரிப்ளை வரல.