அமெரிக்க முன்னாள் படைவீரர் இறுதிச் சடங்குச் சலுகைகள்: ஒரு தமிழ்க் குடும்பத்தின் மதிப்புரை

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய என் மாமனார் காலமானபோது, அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை வழங்கும் இறுதிச் சடங்குச் சலுகைகளைக் கேட்டுப் பெறும் பொறுப்பு என்னிடம் வந்தது. கல்லறை இடமும் பெயர் பொறித்த கல்லும் இராணுவ மரியாதையும் தருவதில் இத்துறையைக் குறை சொல்ல முடியாது. ரொக்கம் என்று வரும்போதுதான் கை இறுகிவிடுகிறது. அஸ்தி கரைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் கையெழுத்திடும் முன் படித்தே ஆக வேண்டிய விதி ஒன்றும் இதில் இருக்கிறது.

எல்லாச் செலவையும் அரசே ஏற்றுக்கொள்ளும் என்று நம்மவர்களில் பலர் நினைத்திருக்கிறார்கள். உடலைப் பதப்படுத்துதல், பெட்டி, பார்வைக்கு வைத்தல், தகனம் ஆகிய அனைத்தும் குடும்பத்தின் செலவே. படைப்பணியால் வந்த நோயாலோ காயத்தாலோ இறந்தவருக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். மற்றவர்களில், இறக்கும்போது அத்துறையின் ஓய்வூதியமோ ஊனத்தொகையோ பெற்றுவந்தவர் போன்ற சிலருக்கு மட்டும், 2024 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு என்றால், 978 டாலர். இவ்வகையில் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுக் காலவரம்பும் உண்டு. சடங்கு நிறுவனத்தின் பில்லுக்கு முன்னால் இந்தத் தொகை எந்த மூலைக்கு?

அந்தப் பில்லையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். நாங்கள் அமர்த்திய நிறுவனம் 'இராணுவ மரியாதை ஏற்பாடு' என்று தனியாக ஒரு கட்டணம் சேர்த்திருந்தது. கேட்ட பிறகே நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு தொடக்கம் முதல், தகுதியுள்ள எந்தப் படைவீரரின் குடும்பம் கேட்டாலும் சீருடை அணிந்த இருவராவது வந்து, கொடியை மடித்துக் கொடுத்து, 'டாப்ஸ்' என்ற துயர இசையை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இதற்குக் குடும்பம் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

அந்த மரியாதை குறித்து எனக்குப் புகாரே இல்லை. ஐந்தடி அகலமும் ஒன்பதரை அடி நீளமுமான கொடியை அவசரமின்றி மடித்து, நீலமும் நட்சத்திரங்களும் மட்டும் வெளியே தெரியும் முக்கோணமாக்கி, முழந்தாளிட்டு என் மாமியாரின் கையில் கொடுத்தார்கள். எக்காளத்தை ஊதியவர் உண்மையில் ஊதவில்லை. அதன் வாய்க்குள் பொருத்திய சிறு கருவியிலிருந்து பதிவு செய்த இசை வந்தது. ஊதத் தெரிந்தவர்கள் போதாமையால் 2003 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. என் மைத்துனருக்கு அது உறுத்தியது; பிசிறு தட்டாத இசையே மேல் என்பது என் கருத்து.

சலுகைகளில் பெருமதிப்புள்ளது தேசியக் கல்லறைத் தோட்டத்தில் கிடைக்கும் இடம்தான். குழி வெட்டி மூடுவது, கல், நிரந்தரப் பராமரிப்பு எல்லாமே இலவசம். வாழ்க்கைத் துணைக்கும் அதே இடத்தில் உரிமை உண்டு. படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றான 'டிடி 214' கையில் இருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள பதிவு அலுவலகத்தோடு தொலைபேசியிலேயே வேலை முடிந்துவிடும். அந்தத் தாளைத் தேடுவதுதான் பெரும்பாடு. உயிரோடு இருக்கும்போதே தகுதியை உறுதி செய்து வைத்துக்கொள்ள விண்ணப்பம் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட இடத்தை முன்பதிவு செய்ய முடியாது.

இனி அந்த விதி. தகனம் செய்த படைவீரருக்கு அரசு நினைவுப் பட்டயமோ அஸ்திக் கலசமோ தருகிறது. கலசம்தானே என்று நாம் எளிதாகக் கையெழுத்திட்டு விடுவோம். அதைப் பெற்றுக்கொண்டால் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் உரிமையும், அரசு தரும் கல்லைப் பெறும் உரிமையும் அந்தப் படைவீரருக்குச் சட்டப்படி இல்லாமல் போகும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் இப்படி ஒரு பரிமாற்றத்தை வைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

கடற்படையே அஸ்தியைக் கடலில் கரைத்துத் தரும் வழியையும் யோசித்தோம். பணிப்பயணத்தில் இருக்கும் கப்பலில் அது நடப்பதால் குடும்பத்தினர் உடன் செல்ல முடியாது. கரைத்த நாளும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கடிதமாக வரும். பிள்ளை கையால் கரைப்பதே முறை என்று மாமியார் உறுதியாக இருந்ததால், மைத்துனரே இராமேசுவரத்தில் கரைத்துவிட்டு வந்தார்.

அப்படிக் கரைத்தவர்களுக்கும் தேசியக் கல்லறைத் தோட்டத்தின் நினைவுப் பகுதியில் கல் நட அனுமதி உண்டு. முதல் வரியில் 'நினைவாக' என்று பொறிக்க வேண்டும் என்பதைத் தவிர, அதற்கும் மற்ற கற்களுக்கும் வேறுபாடில்லை. அனுமதிக்கப்பட்ட சமயச் சின்னங்களின் பட்டியலில் ஓம் இருப்பதால் சிலுவை வேண்டாம் என்று யாரிடமும் விளக்க நேரவில்லை. கலசத்தை மட்டும் நாங்கள் வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்கினோம். அஸ்தி கரைக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.