நங்கநல்லூர் குடியிருப்பு: ரயில், பள்ளி, கடை எல்லாம் நடையிலேயே அமையுமா?

சென்னையில் வீடு தேடுகிற குடும்பம் முதலில் கேட்பது, "ஆபீஸிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?" இந்த ஊரில் அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் போவதைவிட, நங்கநல்லூரை ஒட்டிய பழவந்தாங்கலில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவதை நம்பி நாளைத் திட்டமிடலாம். அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஆள் போய் வருகிறார். பள்ளி, மருந்துக்கடை, காய்கறி, பூங்கா, கோயில் என்று தினமும் நாலைந்து தடவை வெளியே போய் வருவது வீட்டில் மீதியுள்ளவர்கள். அதனால் குழந்தையின் காலுக்கும் தாத்தா பாட்டியின் காலுக்கும் பொருந்துகிற தெருவைப் பிடித்துவிட்டு, அலுவலகப் பாரத்தை ரயில் மேல் போடுவதுதான் சரி. இந்தக் கணக்கில் நங்கநல்லூர் எப்படி என்பதே இந்தப் பகிர்வு.

கிண்டி, சைதாப்பேட்டை, தி.நகர், எழும்பூர், தாம்பரம் பக்கம் வேலை என்றால் இந்த இடம் நன்றாகப் பொருந்தும். பழவந்தாங்கலை அடுத்து பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. மாம்பலத்துக்கு இன்னும் இரண்டு நிலையம். பரங்கிமலையிலேயே இறங்கினால் மெட்ரோவின் பச்சைத் தடம் பிடித்து ஈக்காட்டுத்தாங்கல், வடபழனி, கோயம்பேடு போகலாம். மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் போக்குவரத்துச் செலவு பட்ஜெட்டில் உறைக்காது. சோழிங்கநல்லூர், சிறுசேரி வேலைக்கு இந்த ஊர் வேண்டாம். பைக்கில் போகலாம் என்று தொடங்குபவர்களுக்கு வேளச்சேரி, தரமணி சிக்னல்களிலேயே பொறுமை தீர்ந்துவிடும். அவர்கள் திருவான்மியூர் பக்கம் தேடுவது நல்லது. அங்கே பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் நகர ரயில்) நிலையம் டைடல் பார்க்கை ஒட்டியே இருக்கிறது, கடற்கரையும் உண்டு. ஆனால் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்கள் உண்டு, வாடகையும் அதிகம்.

விளம்பரங்களில் பலரை ஏமாற்றுவது ஒரு பெயர்: "நங்கநல்லூர் ரோடு மெட்ரோ." அந்த நிலையம் நங்கநல்லூருக்குள் இல்லை, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையில், புறநகர் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தால் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும். நடக்கும்போது பழவந்தாங்கல் சுரங்கப்பாதை அல்லது தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை வழியாகத்தான் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். கனமழையில் இரண்டிலும் தண்ணீர் நிற்பது வாடிக்கை. உலர்ந்த நாளிலும் பைக், ஆட்டோ, பாதசாரி எல்லோரும் ஒரே குறுகிய வழியில்தான் போக வேண்டும். ஆகவே புறநகர் ரயிலை முதல் வழியாக வைத்துக்கொள்ளுங்கள், மெட்ரோ இரண்டாவது. வெளியூர்ப் பயணத்துக்கும் விமான நிலையத்துக்கும் மெட்ரோ அருமை.

இன்னொரு பெயர்க் குழப்பம் ராம் நகர். நங்கநல்லூரில் ஒன்று, மடிப்பாக்கத்தில் ஒன்று, வேளச்சேரியில் ஒன்று. தரகர் "ராம் நகர், ஸ்டேஷன் பக்கம்தான் சார்" என்றால் எந்த ராம் நகர் என்று கேளுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் பழவந்தாங்கலுக்கு ஷேர் ஆட்டோவோ பைக்கோ இல்லாமல் முடியாது. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் வெள்ளத்துக்குப் பெயர் போனவை என்பதையும் மறக்க வேண்டாம்.

நடந்து பார்ப்பது எப்படி

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் போகாதீர்கள். எந்தத் தெருவும் அப்போது சாந்தமாகத்தான் இருக்கும். பள்ளி நடக்கிற ஒரு வாரநாள், காலை எட்டு முதல் ஒன்பது மணிக்குள் போங்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்து, கடிகாரத்தைப் பாருங்கள். பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் எண்பது மீட்டர் நடப்பார். நாலு வயதுக் குழந்தை அதில் பாதிதான். ஐநூறு மீட்டர் தூரம் உங்களுக்கு ஆறேழு நிமிடம் என்றால், புத்தகப் பையோடு குழந்தைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். தினமும் தாங்கக்கூடிய எல்லை அவ்வளவுதான். அதற்கு மேல் தூரம் என்றால் இரண்டாவது மாதமே வேன் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்து அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த அளவில் தொடர்ச்சியான நடைபாதையை நங்கநல்லூரில் எதிர்பார்க்க வேண்டாம். எம்.ஜி.ஆர். சாலையிலும் நாலாவது மெயின் ரோட்டிலும் கடைப் பலகை, நிறுத்திய பைக், மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (மின்பகிர்வுப் பெட்டி), மழைநீர் வடிகால் மூடியின் உடைந்த ஓரம் என்று பத்தடிக்கு ஒருமுறை சாலையில் இறங்கத்தான் வேண்டும். இந்த ஊரின் பலம் உள்தெருக்கள்தான். இருபது, முப்பது அடி அகலத்தில் கட்டம் கட்டமாகப் போகிற காலனித் தெருக்களில் வண்டி மெதுவாகத்தான் வரும், மரநிழலும் உண்டு. பெரிய சாலையைத் தொடாமலே இரண்டு மூன்று குறுக்குத் தெரு வழியாகக் கடைக்கோ கோயிலுக்கோ போய்விடலாம்.

ஆனால் எல்லா உள்தெருவும் ஒன்றல்ல. நெரிசலைத் தவிர்க்க பைக்காரர்கள் குறுக்கே புகுகிற தெருக்கள் சில உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் தெரு முனையில் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். வேகத்தடை இல்லாத நேர்த்தெரு என்றால் வாடகை குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுற்று போய்த் தெருவிளக்கையும் நாய்களையும் பார்ப்பதும் முக்கியம். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைக்கு அந்த நேரம்தான் பிரச்சினை.

மெயின் ரோட்டைக் கடக்க வேண்டிய வீடு என்றால், கடக்கும் இடத்தில் சிக்னலோ காவலரோ உண்டா என்று பாருங்கள். பள்ளி, நிலையம், காய்கறி மூன்றும் சாலைக்கு ஒரே பக்கம் அமைகிற வீடு கிடைத்தால், ஐந்து நிமிடம் கூடுதல் நடையாக இருந்தாலும் அதுதான் மேல்.

மழை

சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு மட்டம் உயர்ந்துவிட்டதால், பழைய தனி வீடுகளில் கேட்டைத் திறந்ததும் உள்ளே ஒரு படி, இரண்டு படி இறங்க வேண்டியிருக்கும். அது ஒரு மழைக்கால முன்னறிவிப்பு. மழை நின்ற பிறகும் தெருத் தண்ணீர் அந்த வாசலில்தான் தேங்கும். கழிவுநீர் குழாயில் எதிர்த்துத் திரும்பி, குளியலறை வடிகால் வழியாக மேலே வருவதும் இந்த வீடுகளில்தான். சுவரில் புதுப் பெயின்ட் தரையிலிருந்து இரண்டடி மட்டும் வேறு நிறமாக இருக்கிறதா, மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரைக் கேட்பதைவிட தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள்: "அண்ணா, 2015-ல இங்க எவ்வளவு நின்னுது? 2023 மிக்ஜாம் புயல்ல?" முழங்கால், இடுப்பு என்று கை வைத்தே காட்டிவிடுவார். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகிற வழி மழையில் மூழ்குமா என்றும் அவரையே கேட்கலாம்.

விமானச் சத்தம் உண்டு. பகலில் பழகிவிடும், தொட்டில் குழந்தை உள்ள வீட்டில் முதல் சில வாரம் சிரமம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு 540. ஆறு வீடுள்ள கட்டடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். தரைத்தொட்டி 12,000 லிட்டர் என்றால் குழாய்த் தண்ணீர் நின்றாலும் கிட்டத்தட்ட நாலு நாள் தாங்கும். 6,000 லிட்டர் மட்டும் என்றால் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு பராமரிப்புத் தொகையில் வந்து உட்காரும். குழாய் முனையில் வெள்ளைப் படிவு தடிமனாக இருந்தால் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் கடினம் என்று பொருள்.

வராத பாதைக்கு வாடகை தராதீர்கள்

பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதி ஐந்து கிலோமீட்டர்தான். அந்தப் பணி நிலவழக்குகளால் பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதை நம்பி வழியில் உள்ள ஆதம்பாக்கத்தில் வீடு எடுத்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கே போயிருப்பார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் வழியாகத்தான் திட்டமிடப்பட்டது. கட்டுமானம் நடக்கும் சாலையை ஒட்டிய வீட்டில் தூசியும் மாற்றுப்பாதையும்தான் முதலில் கிடைக்கும். வாடகை வீட்டுக்கு இன்று ஓடுகிற வண்டியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மேற்கு மாம்பலத்தோடு ஒப்பிட்டால்? கடைக்கும் ரயிலுக்கும் மாம்பலமே ஒரு படி மேல். 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை வண்டிகளைத் தொடாமல் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் தெருக்கள் நெருக்கடி, குழந்தை சைக்கிள் ஓட்ட இடமில்லை. பத்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு எங்கள் தேர்வு நங்கநல்லூர்தான்.

பள்ளி விஷயத்தில் ஒன்று: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிப்பதானால் தனியார் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். முகவரிச் சான்று கேட்பார்கள், எனவே வாடகை ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது முன்பணத்தையும் பேசலாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்பது இன்னும் ஓயவில்லை. அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, உள்மீட்டரா (வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து பிரித்த துணை மீட்டர்) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. உள்மீட்டர் என்றால் அது வீட்டுக்காரருக்கு, யூனிட் விலையும் அவர் சொல்வதுதான்.