லீவுக்கு வந்து பல்லைக் காட்டின கதை

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தா, வந்த மூணாவது நாளே கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாச்சு. கிளம்பும்போதே சளி, மூக்கடைப்பு. ஃபிளைட் இறங்க ஆரம்பிச்சதும் இடது கண்ணுக்குக் கீழ ஊசிய வெச்சு குத்துற மாதிரி ஒரு வலி, தரைய தொட்டதும் குறைஞ்சிடுச்சு, ஆனா அன்னைலருந்து மேல் கடைவாய்ப்பல் மூணு நாலு சேர்ந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நான் இருக்கற நாட்டுல பல் டாக்டர பாக்கறதுக்குள்ள வலியே அலுத்துப்போய் கிளம்பிடும், அதனால இங்கயே முடிச்சிடலாம்னு மறுநாளே போனேன் (நம்மள மாதிரி ஆளுங்க லீவு பாதி கிளினிக்லதான கழியுது).

முதல்ல போன இடம் பளபளன்னு இருந்துச்சு, எல்லாம் வேகம். வாயத் திறக்க சொன்னாங்க, மொத்த தாடைக்கும் சேர்த்து ஒரு ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தாங்க, பத்து நிமிஷத்துல தீர்ப்பு வந்துடுச்சு. "26, 27 ரெண்டுக்கும் ரூட் கேனால் பண்ணிடலாம் சார், இன்னைக்கே ஆரம்பிச்சா நீங்க திரும்பறதுக்குள்ள கேப்பும் போட்டுடலாம்." (26, 27ங்கறது இடது மேல் கடைவாய்ப்பல் ரெண்டோட நம்பர்; ரூட் கேனால்னா பல்லுக்குள்ள இருக்கற நரம்ப எடுத்துட்டு அந்தக் குழாய அடைக்கறது.) என் ரிட்டர்ன் டிக்கெட் தேதி வரைக்கும் கேட்டாங்க, பல்ல மட்டும் யாரும் தொட்டுப் பாக்கல. ஏமாத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், 26ல பழைய ஃபில்லிங் ஒண்ணு பெருசா இருக்கு, அதப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

பேனாவ கைல வாங்கிட்டேன். அப்பதான் அக்கா ஃபோன். "டேய், கையெழுத்து கிய்யெழுத்து போட்டுத் தொலைக்காத, என் டாக்டர்ட்ட காட்டிட்டு அப்புறம் என்னவோ பண்ணிக்க."

அக்காவோட டாக்டர் வயசான அம்மா, சின்ன ரூம். உக்காந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "ஃபிளைட் ஏறும்போது வலிச்சுதா, இறங்கும்போதா?" இறங்கும்போதுன்னேன். பல்லுக்குள்ள நரம்பு வீங்கியிருந்தா பெரும்பாலும் மேல ஏறும்போது வலிக்குமாம், இறங்கும்போது கன்னத்துல குத்துச்சுன்னா மூக்குப் பக்கமும் பாக்கணுமாம். அப்புறம் எந்திரிச்சு நின்னு, ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிங்கன்னாங்க. குனிஞ்சேன், கன்னத்துக்குள்ள ஈயத்த உருக்கி ஊத்தின மாதிரி ஒரு கனம் இறங்குச்சு. "எந்தப் பல்லு, விரல வெச்சு காட்டுங்க." காட்ட முடியல. இதா, அதா, பக்கத்துலயான்னு விரல் அலையுது.

கண்ணாடிக் குச்சியோட பின்பக்கத்தால ஒவ்வொரு பல்லா தட்டினாங்க, அதுவும் வலியே இல்லாத வலது பக்கத்துல ஆரம்பிச்சு. இடது பக்கம் வந்ததும் நாலு பல்லு ஒரே மாதிரி கூசுச்சு, ஒண்ணுமட்டும் தனியா துள்ளல. அடுத்தது பஞ்சு உருண்டைல குளிர் ஸ்ப்ரே அடிச்சு பல்லு மேல வெக்கற டெஸ்ட். நல்ல பல்லுனா சுள்ளுனு ஏறும், பஞ்ச எடுத்தா ரெண்டு மூணு செகண்டுல அடங்கிடும். நரம்பு சாகப்போற பல்லுல எடுத்த பிறகும் அரை நிமிஷம், அதுக்கு மேலயும் இழுத்துக்கிட்டே கிடக்கும். செத்த பல்லுக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்கு 26, 27 ரெண்டும் சுள், அவ்வளவுதான். அந்த ரெண்டு பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்தாங்க, வேர் நுனில ஒண்ணும் இல்ல.

பல்லுல தப்பு இல்ல, சைனஸ்தான் வீங்கியிருக்குன்னாங்க. சைனஸ்னா நாம வியாதி பேருன்னு நினைச்சுக்கறோம், அது எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை, எல்லாருக்கும் உண்டு. கன்னத்துல இருக்கற அறையோட தரை மேல் கடைவாய்ப்பல் வேருக்கு நேர் மேல வருது, சிலருக்கு நடுவுல இருக்கற எலும்பு காகித மெலிசுதான். அந்தப் பல்லுக்கு போற நரம்பும் அதே அறையோட சுவர ஒட்டித்தான் ஓடுது, அறை வீங்குனா பல்லு கத்துறதுக்கு வேற காரணம் வேணாம். கீழ்ப்பல்லுக்கு இந்த சாக்கு செல்லாது.

எனக்கு உப்புத்தண்ணில மூக்கு கழுவறது, ஆவி, கொஞ்சம் வலி மாத்திரை, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் கேட்டேன், சளியால வர்றது பெரும்பாலும் வைரஸ், ஒரு வாரம் பத்து நாள்ல அதுவே போயிடும், போகலன்னா வாங்கன்னுட்டாங்க. கண்ணச் சுத்தி வீங்குனா, பார்வை ரெட்டையா தெரிஞ்சா மட்டும் நாள் கணக்கு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம்.

அக்கா கதை இதுக்கு நேர் தலைகீழ். எட்டு மாசமா இடது மூக்குல மட்டும் சீழ் மாதிரி ஒழுகல், கூடவே ஒரு நாத்தம், அது அவளுக்கு மட்டும்தான் வரும், வீட்ல கேட்டா பிரமைம்பாங்க. ஈஎன்டில கோர்ஸ் கோர்ஸா ஆன்டிபயாடிக், மாத்திரை இருக்கற வரைக்கும் நல்லாருக்கும், நிறுத்துனா திரும்ப வந்துடும். பல்லு வலியே கிடையாது. இந்த டாக்டரம்மாதான் ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாத்தத்தோடன்னு கேட்டதும் வாயத் திறம்மான்னாங்களாம். மேல் கடைவாய்ப்பல்லுல என்னைக்கோ பண்ண ரூட் கேனால் இருந்துச்சு, அதுல நரம்பே இல்லாததால குளிர் டெஸ்ட் வேலைக்கு ஆகாது, சாதா எக்ஸ்ரேல கன்ன எலும்போட நிழல் வேர் மேல விழுந்து எல்லாம் சுத்தமா தெரிஞ்சிருக்கு. சிபிசிடின்னு பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்துல காட்டற ஸ்கேன் எடுத்தா வேர் நுனில கறுப்பா ஒரு வட்டம், அதுக்கு மேல சைனஸ் தோல் தடிச்சுக் கிடக்கு. அந்தப் பல்லுல முன்பக்க வேர்ல நாலாவதா ஒரு மெல்லிசு கேனால் (நரம்பு போற குழாய்) இருக்குமாம், அத முதல்ல பண்ணவங்க விட்டுட்டாங்க. சீழ் மேல காலி அறைக்குள்ள வடிஞ்சுடுது, அடைபட்டு அழுத்தினாத்தான வலிக்கும்? ரூட் கேனால திரும்பப் பண்ணாங்க, சைனஸ ஈஎன்டியும் கூடவே பாத்தாங்க, நாத்தம் போச்சு.

கிளம்பும்போது எக்ஸ்ரே காப்பி, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் பல் நம்பரோட எழுதி வாங்கிக்கிட்டேன். அமெரிக்கால இருக்கறவங்க இத கவனிங்க, இங்க 26, 27ன்னு எழுதறது அங்க 14, 15, நம்பர மட்டும் நம்பி வேற பல்லக் காட்டிடாதீங்க.

ஒன்பதாவது நாள் வலி சுத்தமா நின்னுடுச்சு. முதல் கிளினிக்லருந்து இன்னும் வாட்ஸப் வந்துக்கிட்டுத்தான் இருக்கு: "சார், உங்க 26, 27 பெண்டிங்ல இருக்கு."