கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா, சங்கா: பால் பாட்டில் வாங்கும் முன்

மகள் பிறப்பதற்கு ஏழு வாரம் முன்பே நான் லீவு எடுக்க வேண்டியதாயிற்று. தனியார் வேலையில் சட்டப்படி கிடைக்கும் 26 வாரத்தில் அது கழிந்துவிட, மீதி 19 வாரம். நாலரை மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அரசுப் பள்ளி ஆசிரியையான அக்காவுக்கு ஓராண்டு லீவு கிடைத்தது. 2021இல் தமிழக அரசு ஒன்பது மாதத்தைப் பன்னிரண்டாக்கியதன் பலன் அது. அதனால் அவள் பால் பாட்டிலைத் தொட்டதே இல்லை. எனக்கு அப்படி வாய்க்கவில்லை. காலையில் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பகலில் அம்மா அதைக் கொடுக்க வேண்டும். எதில் கொடுப்பது?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் குழந்தைக்குச் சிறந்தது. நேரடியாகக் கொடுக்க முடிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பால் போதாதவர்கள், இரட்டைக் குழந்தை உள்ளவர்கள், உடம்பு முடியாதவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. எந்தக் கடைக்காரரோ ஆன்லைன் பக்கமோ "இதுதான் தாயின் மார்பு போலவே இருக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் கண்ணாடி. பாட்டில்தான் வேண்டும் என்றால், வீட்டுக்குள் புழங்க என் ஓட்டு கண்ணாடிக்குத்தான். அது எதையும் மறைக்காது என்பதுதான் காரணம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடி மூலையில் ஒட்டியிருக்கும் பால் ஏடு தெரியும். முந்தின வேளைப் பாலின் வாடை அதில் தங்காது. எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் மங்காது, கீறல் விழாது. தாய்ப்பாலில் உள்ள கொழுப்பு பிளாஸ்டிக் சுவரில் வழுவழுவென்று ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் பட்டதும் போய்விடும்.

ஆனால் கண்ணாடியில் இரண்டு சாதி உண்டு. அது தெரியாமல்தான் நான் முதல் பாட்டிலை உடைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை நேராக வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். "டப்" என்று ஒரு சத்தம். தூக்கினால் அடிப்பகுதி வட்டமாகக் கழன்று பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. இருபது நிமிடம் உட்கார்ந்து பீய்ச்சிய பால் அது. அன்றைக்கு அழுதுவிட்டேன். அட்டைப்பெட்டியில் வெறுமனே "கண்ணாடி" என்றுதான் போட்டிருந்தது. ஜன்னலுக்கும் ஜாம் பாட்டிலுக்கும் பயன்படும் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி அது. சூடு பட்டால், இன்னொரு சாதியான போரோசிலிகேட் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாமல் நிற்கும்போது பிளந்துவிடும். போரோசிலிகேட்டில் 12, 13 சதவீதம் போரான் ஆக்சைடு கலந்திருப்பதால் விரிவது குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஆட்டோ ஷாட் உருவாக்கிய வகை இது. பள்ளி ஆய்வகத்தில் தீச்சுடரில் காட்டினோமே, அந்தச் சோதனைக்குழாயும் இதே இனம்தான். பெட்டியில் "போரோசிலிகேட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்க வேண்டும். இங்கே விற்கும் ஃபீடிங் பாட்டிலுக்கு அது கட்டாயம். கண்ணாடிக்கு ஐ.எஸ் 5168, பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ் 14625 என்று எண் இருக்கும்.

போரோசிலிகேட்டே ஆனாலும் கொதிக்கும் நீரில் போடாதீர்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு பருத்தித் துணியை மடித்து வைத்து, பச்சைத் தண்ணீரில் பாட்டிலை முழுக வைத்து, அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கலாம். கொதி வந்தபின் பத்து நிமிடம் போதும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு அதிகம். ஒரு வாரத்தில் பாட்டில் முழுக்க வெள்ளைப் படலம் பிடித்துவிட்டது. பயந்துபோய்க் கண்ணாடியே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வெறும் சுண்ணாம்பு உப்புதான் அது. கொஞ்சம் வினிகரில் ஊற வைத்துக் கழுவினால் பளிச்சென்றாகிவிடும். இதே படலம் பிளாஸ்டிக்கிலும் பிடித்திருக்கும், ஏற்கெனவே மங்கிப்போன சுவரில் நமக்குத் தெரியாது.

சூடு செய்வதிலும் கண்ணாடிக்கு ஒரு அனுகூலம் உண்டு. பிளாஸ்டிக்கை விட அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் ஃபிரிட்ஜ் பால் சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடும். பசியில் கத்துகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். மேலே ஆறியிருக்கும், நடுவில் சுடும்.

குறை என்ன? கனம்தான். 240 மில்லி பாட்டிலில் பால் நிறைத்தால் அரைக் கிலோவை நெருங்கும். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி உண்டு, இரண்டாம் நாளே "இது தூக்க முடியலடி" என்றார்கள். 120 மில்லி பாட்டிலுக்கு மாறினோம். நாலைந்து மாதக் குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவுக்கு அதுவே போதுமானது. அப்புறம், கீழே விழுந்தால் கதை முடிந்தது. மொசைக், கிரானைட் தரையில் போரோசிலிகேட்டும் உடையும். சூட்டைத் தாங்கும் என்பதற்கு விழுந்தால் தாங்கும் என்று அர்த்தமில்லை. மேலே மாட்டும் சிலிகான் உறை பிடிமானத்துக்கு நல்லது. அதைக் கழற்றிக் கழுவாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். குழந்தை தானே பாட்டிலைப் பிடிக்கத் தொடங்கும் நாளில் கண்ணாடியை ஓரம் கட்டிவிடுங்கள்.

அளவுக் கோடுகள் கண்ணாடியிலேயே புடைத்திருந்தால் நல்லது. மேலே அச்சடித்தவை நாளாவட்டத்தில் அழிந்துபோகும். பூவும் பொம்மையும் வரைந்த பாட்டிலை நான் வாங்க மாட்டேன். கண்ணாடி மேல் போடும் எனாமல் நிறங்களில் காரீயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் சேர்வதுண்டு.

இனி பிளாஸ்டிக். கடையில் பெரும்பாலும் இருப்பது பாலிபுரோப்பிலீன், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். இலேசு, விலை குறைவு, விழுந்தால் உடையாது. பழைய பயமான பிஸ்பினால்-ஏ (ஹார்மோன்களைக் குழப்பும் என்று அஞ்சப்பட்ட வேதிப்பொருள்) இதில் இல்லை. அது கண்ணாடி போலத் தெளிவாக, கெட்டியாக இருந்த பாலிகார்பனேட் பாட்டில்களில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் பால் பாட்டில்களில் அதைத் தடை செய்தன. இந்தியத் தர விதியும் பாலிகார்பனேட்டை ஒதுக்கிவிட்டது. யாராவது பரணிலிருந்து பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் 70 டிகிரி வெந்நீரில் பவுடர் பால் கலக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதாகக் கண்டார்கள். 25 டிகிரி தண்ணீரில் சுமார் 6 லட்சம், 95 டிகிரியில் 5.5 கோடி. சூடு ஏற ஏற உதிர்வது பல மடங்காகிறது. இவை குழந்தையின் உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை, எனவே பிளாஸ்டிக்கில் கொடுத்தவர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். ஆனால் பவுடர் பாலை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பவுடரில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்ற கிருமியைக் கொல்ல அந்தச் சூடு வேண்டும். ஆகவே தண்ணீரின் சூட்டைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடியிலோ பாலைக் கலந்து, ஆறியபின் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலைக் கொதிக்க வைத்த பிறகு, வேறு பாத்திரத்தில் காய்ச்சி ஆற வைத்த நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தாய்ப்பாலை வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்குகிறவர்களுக்கு, பாட்டிலைக் கொதிக்க வைக்கும் நேரம்தான் கவலை.

தேன் நிறத்தில் பி.பி.எஸ்.யூ என்று ஒரு வகை வருகிறது. பாலிபுரோப்பிலீனை விடச் சூட்டைத் தாங்கும், விலையும் அதிகம். கண்ணாடியின் கனம் வேண்டாம், பணம் இருக்கிறது என்றால் வாங்கலாம். அந்த விலைக்கு நான் இரண்டு சின்னக் கண்ணாடிப் பாட்டில் வாங்குவேன்.

எவர்சில்வர் பாட்டில் பயணத்துக்கு அருமை. ரயிலில் மேல் பெர்த்திலிருந்து விழுந்தாலும் ஒரு நெளிவோடு தப்பும். ஆனால் உள்ளே எவ்வளவு பால் மிச்சம், மூலையில் ஏடு ஒட்டியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. விரலையும் மூக்கையும் நம்பித்தான் கழுவ வேண்டும். வாங்கினால் ஒற்றைச் சுவர் பாட்டிலாக, 304 தர எஃகில் வாங்குங்கள். ஃபிளாஸ்க் போன்ற இரட்டைச் சுவர் வகையில் அடிப்பாகத்தை மூடக் காரீயம் கலந்த பற்றவைப்புப் பொட்டு வைப்பதுண்டு. 2022 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10,500 குழந்தை பாட்டில்களும் கப்களும் திரும்பப் பெறப்பட்டன. அடித்தட்டு கழன்றால் அந்தப் பொட்டு வெளியே தெரியும் என்பதுதான் காரணம்.

இத்தனையும் அலசிய பிறகு, எங்கள் வீட்டில் பெரும்பாலான வேளைகளை ஓட்டியது சங்குதான். பாலாடை, சங்கடை என்றும் சொல்வார்கள். தாய்மாமன் சீராக வரும் வெள்ளிச் சங்கை நான் அலங்காரப் பொருள் என்றே நினைத்திருந்தேன். இந்தியாவில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மார்பில் உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையால்தான் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது மரியாதை வந்தது. நிப்பிள் இல்லை, ரிங் இல்லை, வால்வு இல்லை. மூக்குப் பள்ளம் உட்பட எல்லா இடமும் விரலுக்கு எட்டும். பாட்டில் நிப்பிளுக்குப் பழகி மார்பை மறுக்கும் சிக்கலும் வராது. தினசரிக்கு எவர்சில்வர் சங்கு போதும், வெள்ளி பத்திரமாக இருக்கட்டும்.

ஒரு சங்கில் சில ஸ்பூன் பால்தான் பிடிக்கும், பொறுமை வேண்டும். கொஞ்சம் கழுத்தில் வழியும், பீய்ச்சிய பாலின் ஒவ்வொரு சொட்டும் கணக்கு என்பவர்களுக்கு இது வலிக்கும். முக்கியமாக, கொடுக்கும் முறை. பழைய வழக்கமாகக் குழந்தையைக் காலில் மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்கார்த்தி, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, கொஞ்சமாகச் சாய்த்து, விழுங்கும் வரை காத்திருந்து அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு முதல் நாள் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. "நான் மூணு பிள்ளை வளர்த்தவ" என்று ஆரம்பித்தார்கள். குழந்தை ஒருமுறை புரையேறி இருமியதும் அவர்களே நிமிர்த்தி உட்கார வைத்தார்கள்.

கண்ணாடி என்றாலே சுத்தம் என்று யாராவது சொன்னால், விக்டோரியா காலத்து இங்கிலாந்தை நினைத்துக்கொள்கிறேன். அழகான கண்ணாடிப் பாட்டில், அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய், அதன் முனையில் நிப்பிள். தாய் தூக்கிப் பிடிக்கவே வேண்டாம், குழந்தை தானே உறிஞ்சும். குழாயின் உள்ளே கழுவ வழியே இல்லை, அதில் பால் புளித்துக் கிருமி பெருகியது. 'கொலைகார பாட்டில்' என்றே அதற்குப் பெயர் வந்தது. பிரான்ஸ் 1910இல் குழாய் வைத்த பாட்டிலைத் தடை செய்தது. பாட்டிலின் உடம்பு எதனால் ஆனது என்று நாம் அலசுகிறோம், கிருமி தங்குவது நிப்பிளிலும் ரிங்கின் திருகு வரியிலும்தான். அதனால் வாயகன்ற பாட்டிலை வாங்குங்கள். காற்றுக் குழல், வால்வு என்று ஐந்தாறு பாகம் கழற்றி மாட்டும் வகையைத் தவிர்த்துவிடலாம். நள்ளிரவில் கழுவப்போகிறவர் யாரோ அவரே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர். இரண்டே பாகம் உள்ளதைத்தான் அவர் எடுத்து வந்தார். நிப்பிளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பிசுபிசுத்தாலோ கிழிந்தாலோ அன்றைக்கே.

ஏழு மாதத்துக்கு மேல்தான் வேலைக்குத் திரும்புகிறீர்கள் என்றால் நேராகச் சின்ன டம்ளருக்குப் போய்விடலாம் என்பது என் எண்ணம். எப்படியும் 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை நிறுத்தச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு பழக்கத்தைப் புகுத்தி, அப்புறம் அதை விடுவிக்கப் போராடுவானேன்.

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். என் கண்ணாடி பாட்டில்களைக் கொடுக்கலாமா என்று எடுத்துப் பார்த்தேன். வாய் ஓரத்தில் விரலை வைத்து மெல்லச் சுற்றினேன். நாலில் இரண்டில் மூடி திருகும் இடத்தில் அரிசி முனை அளவு தெறித்திருந்தது. அவற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். மற்ற இரண்டையும் கொதிக்க வைத்துப் பையில் வைத்தேன், புது நிப்பிள் அவளே வாங்கிக்கொள்வாள். எவர்சில்வர் சங்கும் அந்தப் பையில்தான் இருக்கிறது.