ரீஃப்ளாஷ் செய்த சாட்டா கார்டா, சிஎஃப் கார்டா: பழைய டிடிபி மெஷினுக்கு எது தாங்கும்?

போன வருஷ வைகாசி முகூர்த்த சீசன் நடுவில், திருவல்லிக்கேணியில் சித்தப்பா நடத்தும் டிடிபி சென்டரில் பழைய பென்டியம் 3 மெஷினின் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. 40 ஜிபி டிஸ்க். மதர்போர்டின் பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை புரோகிராம்) அவ்வளவு பெரிய டிஸ்கை ஏற்காது என்பதால், ஜம்பர் (டிஸ்கின் பின்புற ஊசிகளில் மாட்டும் சின்ன மூடி) போட்டு 32 ஜிபியாகக் குறைத்து இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"புது கம்ப்யூட்டர் வாங்கிடலாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. அந்த மெஷினில் விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிள் எல்லாம் ஒரு கூட்டுக் குடும்பம். டாங்கிள் இல்லாவிட்டால் தமிழ் மென்பொருள் திறக்காது. புது லேப்டாப்பில் பிரிண்டர் போர்ட்டே கிடையாது. யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினால் டாங்கிளை அது கண்டுகொள்வதில்லை. "போன வருஷம் அடிச்ச அதே கும்பாபிஷேகப் பத்திரிகை, தேதி மட்டும் மாத்தணும்" என்று வருகிற வாடிக்கையாளருக்குப் பழைய ஃபைல்தான் மூலதனம். ஆகவே மெஷின் இருக்க வேண்டும், டிஸ்க் மட்டும் மாற வேண்டும்.

சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "டேய், எதை வேணா மாட்டு. நீ ஊர்ல இல்லாத அன்னிக்கு இது படுத்துச்சுன்னா, நானும் டைப் அடிக்கிற அக்காவும் சேர்ந்தே எழுப்பணும். அப்படி ஒண்ணா பண்ணிக் குடு."

எஸ்டி அடாப்டர், சிஎஃப் கார்டு, பயாஸை மாற்றி எழுதிய (ரீஃப்ளாஷ்) சாட்டா கார்டில் எஸ்எஸ்டி (சுழலாத, சிப்பாலான டிஸ்க்) என்று மூன்றையும் மாட்டிப் பார்த்தேன். இந்த அலசல் முழுக்க அந்த நிபந்தனையை வைத்துத்தான். வேகத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. எதை மாட்டினாலும் பழைய டிஸ்கைவிட வேகம்தான், சத்தமும் போய்விடும்.

முதலில் எஸ்டி அடாப்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொபைலில் போடும் மெமரி கார்டை ஐடிஇ (பழைய மெஷின்களின் டிஸ்க் இணைப்பு) டிஸ்காகக் காட்டும் சின்ன பலகை. உள்ளே ஒரு மொழிபெயர்ப்பு சிப் இருக்கும். என்னிடம் இருந்ததில் எஃப்சி1306டி. மாட்டுவது சுலபம், விண்டோஸ் 98 மறுபேச்சில்லாமல் ஏறிவிடும். ஆனால் பேஜ்மேக்கர், பக்கம் திருப்பும்போதெல்லாம் தானாக ஒரு குட்டி சேமிப்பு செய்யும். சின்னச் சின்னதாகத் தகவலை எழுதும் வேலை என்றால் எஸ்டி கார்டுக்கு ஆகாது. பக்கம் திருப்பினால் அரை விநாடி, ஒரு விநாடி நிற்கிறது. எட்டுப் பக்க மலர் செய்கிறவருக்கு அந்த நிற்பு பொறுக்காது. இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன். விளையாட்டுக்காக ஒரு பழைய மெஷினை உயிர்ப்பிக்கிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

சிஎஃப் கார்டு நிஜமான போட்டியாளர். பழைய கேமராக்களில் இருந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டேதான். 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்தபோதே அதற்குள் ஐடிஇ மொழியைப் பேசும் ஒரு முறையையும் வைத்துவிட்டார்கள். அதனால் அடாப்டரில் மூளை எதுவும் தேவையில்லை, ஊசிக்கு ஊசி ஒயர் போனால் போதும். அடாப்டர் கெட்டால் இன்னொன்று வாங்கி மாட்டலாம். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. 486 மெஷின், பழைய லேப்டாப், பிசிஐ (கூடுதல் கார்டு செருகும்) ஸ்லாட்டே இல்லாத மெஷின் என்றால் நான் இன்றைக்கும் சிஎஃப் கார்டைத்தான் சொல்வேன். நண்பர் ஒருவரின் 386-இல், ஓரமாகக் கிடந்த ஒரு ஐஎஸ்ஏ (பிசிஐ-க்கு முந்தைய ஸ்லாட்) நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில், பெரிய டிஸ்கைப் பார்க்க வைக்கும் எக்ஸ்டி-ஐடிஇ பயாஸை எழுதிய 28சி64 சிப்பைச் செருகி, சிஎஃப் கார்டிலிருந்து டாஸ் ஏற்றியிருக்கிறோம். அந்த மெஷினின் பயாஸ் 504 எம்பிக்கு மேல் எதையும் பார்க்காது. ஒரு சிப்பில் அந்தத் தடை போனது. ஆனால் அப்படிச் செய்தது ஒரே ஒரு முறை, அதை வைத்து விதி எதுவும் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா மெஷினிலும் எஸ்டிக்கு அடுத்து சிஎஃப் கார்டுதான் போட்டேன். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் டிஎம்ஏ-வுக்கான (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தகவலைக் கடத்தும் முறை) இரண்டு ஒயர்களை இணைக்காமலே விட்டிருப்பார்கள். விண்டோஸில் டிஎம்ஏ-வை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன், மெஷின் மேகப் படத்தோடு உறைந்து நின்றது. சேஃப் மோடில் போய் டிக்கை எடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. அப்புறம் நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஐந்தாம் மாதம் ஸ்கேன்டிஸ்க் நீல நிறத்தில் வந்து பழுதான இடங்களை எண்ண ஆரம்பித்தது. கேமராவுக்கென்று செய்த கார்டு, போட்டோ எழுதுவதற்குத் தோதானது. விண்டோஸ் 98-இன் ஸ்வாப் ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்கில் எழுதும் இடம்) நாள் முழுக்க அதன் மேல் கிறுக்கிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நாள் தாங்கும்? தொழிற்சாலை மெஷின்களுக்கென்று வரும் சிஎஃப் கார்டுகள் இதைவிடத் தாங்கும், ஆனால் அவற்றின் விலையில் இரண்டு எஸ்எஸ்டி வாங்கிவிடலாம்.

சரி, எஸ்எஸ்டி. அதைப் பழைய மெஷினில் மாட்ட இரண்டு வழி. எஸ்எஸ்டியின் சாட்டா இணைப்பை ஐடிஇ ஆக்கும் அடாப்டர் போட்டு மதர்போர்டிலேயே செருகுவது ஒன்று. எங்கள் மெஷினில் இது தொடக்கத்திலேயே செத்தது. 1999-க்கு முந்தைய பல அவார்டு பயாஸ்களைப் போல இதுவும் 33.8 ஜிபிக்கு மேல் டிஸ்கைப் பார்த்தால் அப்படியே தொங்கிவிடும். எஸ்எஸ்டியில் ஜம்பர் ஏது? உங்கள் மதர்போர்டு புதியதாக இருந்தால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவரலாம்.

இரண்டாவது வழி, நான் செய்தது: மலிவான சாட்டா பிசிஐ கார்டை வாங்கி, அதன் பயாஸை மாற்றி எழுதுவது.

சிலிக்கான் இமேஜ் 3112 என்ற சிப் உள்ள கார்டுகள் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் கிடந்தன. இரண்டு சாட்டா போர்ட், 1.5 ஜிகாபிட் வேகம், முக்கியமாக விண்டோஸ் 98-க்கு டிரைவர் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பாகம் விற்கும் ஒரு மாடிக் கடையில், பிளாஸ்டிக் கூடையில் நெட்வொர்க் கார்டு, மோடம் கார்டு எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது. மூன்று கார்டை ஆயிரத்து இருநூறுக்குப் பேசி எடுத்தேன். மூன்றுமே ரெய்டு பயாஸோடு வந்தவை. அதாவது இரண்டு டிஸ்கை இணைத்து ஒன்றாகக் காட்டுவதற்கான புரோகிராம்.

ஒரே டிஸ்க் வைத்திருக்கிற நமக்கு ரெய்டு எதற்கு? என் கார்டில் அந்த பயாஸ், ஒற்றை டிஸ்கைக்கூட ஒரு 'செட்' ஆக்கச் சொன்னது. அப்படி ஆக்கினால் டிஸ்கின் கடைசியில் தன் கணக்கை எழுதிவைக்கும். அப்புறம் அந்த எஸ்எஸ்டி அந்தக் கார்டுக்கு அடிமை. கார்டு போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் 'பேஸ் பயாஸ்' எழுதுவது. அது எஸ்எஸ்டியை வெறும் டிஸ்காக மட்டும் காட்டும். சிலிக்கான் இமேஜ் நிறுவனத்தை 2015-இல் லாட்டிஸ் வாங்கிவிட்டாலும், அவர்கள் வெளியிட்ட பயாஸ் ஃபைல்கள் இன்னும் இணையத்தில் கிடைக்கின்றன. ஃபைல் பெயர் 'பி' எழுத்தில் ஆரம்பித்தால் பேஸ், 'ஆர்' என்றால் ரெய்டு.

வேலை இதுதான். கார்டின் தங்க நிற விளிம்பை பென்சில் ரப்பரால் தேய்த்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடை, செம்பில் பச்சை பூக்க ஒரு மழைக்காலம் போதும். லென்ஸ் வைத்து, பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பின் எண்ணைப் படித்து எழுதிக்கொண்டேன், எழுதும் புரோகிராமுக்குத் தெரியாத சிப்பாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும் என்பதால். மெஷினை யூபிஎஸ்ஸில் மாட்டினேன், எழுதும்போது கரன்ட் போனால் கார்டு வீண். டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து அப்டிஃபிளாஷ் என்ற சின்ன புரோகிராமை ஓட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரீஸ்டார்ட் ஆனபோது, முன்பு 'ரெய்டு' என்று வந்த இடத்தில் வெறும் கார்டு பெயரும் அதன் கீழ் எஸ்எஸ்டியின் பெயரும் வந்தன. மூன்றில் ஒரு கார்டின் சிப்பை அந்த புரோகிராம் ஏற்கவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

ஆப்பிளின் பழைய பவர் மேக் ஜி4 வைத்திருப்பவர்களும் இதே கார்டை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மேக் ஃபர்ம்வேர் சின்ன ஃபிளாஷ் சிப்பில் அடங்காது, சிப்பையே எடுத்துவிட்டுப் பெரியதை சால்டர் செய்ய வேண்டும். நான் அதில் கை வைத்ததில்லை.

பூட் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய பயாஸ் இந்தக் கார்டை எஸ்சிஎஸ்ஐ (இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) என்றுதான் நினைக்கும், அதனால் முதல் இடத்தில் 'எஸ்சிஎஸ்ஐ' கொடுக்க வேண்டும். டிரைவர் போடும் வரை விண்டோஸ் டாஸ் முறையில் தவழும், போட்டதும் நிமிர்ந்துவிடும். 120 ஜிபியில் முதல் 30 ஜிபியை மட்டும் பார்ட்டிஷன் செய்து மிச்சத்தைத் தொடாமல் விட்டேன். விண்டோஸ் 98-க்கு டிரிம் (அழித்த இடம் எதுவென்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) தெரியாது, காலியான அந்த இடம்தான் எஸ்எஸ்டி தன் தேய்மானத்தைச் சமாளிக்கும் இடம். பார்ட்டிஷனையும் பழைய எஃப்டிஸ்க்கில் போடாமல் லினக்ஸ் லேப்டாப்பில் 2048-ஆவது செக்டரிலிருந்து தொடங்கினேன். எஃப்டிஸ்க் 63-இல் தொடங்கும், அது எஸ்எஸ்டியின் கட்டங்களோடு ஒட்டாது.

இப்போது சித்தப்பாவின் நிபந்தனைக்கு வருகிறேன், எனக்கு முடிவைக் கொடுத்தது அதுதான்.

பேஸ் பயாஸ் போட்ட கார்டில் இருக்கும் எஸ்எஸ்டி, சாதாரண எஃப்ஏடி32 டிஸ்க். கழற்றி யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்பில் மாட்டினால் எல்லா ஃபைலும் தெரியும். மாதம் ஒரு முறை அந்த 30 ஜிபியை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக (டிஸ்கின் முழு நகல்) எடுத்துவைக்கிறேன், பத்து நிமிஷ வேலை. அதே இமேஜை இரண்டாவது எஸ்எஸ்டியில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். சிஎஃப் கார்டிலும் இமேஜ் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், எடுத்தேன். ஆனால் வேறு கம்பெனி சிஎஃப் கார்டில் எழுதியபோது பூட் ஆகவில்லை. ஒவ்வொரு கார்டும் தன் சிலிண்டர், ஹெட் கணக்கை (டிஸ்கில் இடத்தைக் குறிக்கும் அளவு) வேறுவேறாகச் சொல்கிறது, பழைய பயாஸ் அதை நம்பி ஏமாறுகிறது. அதே கம்பெனி, அதே மாடல் கார்டைத் தேடி அலைய வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. வேறு வேறு கம்பெனியின் இரண்டு எஸ்எஸ்டியும் ஒரே இமேஜில் பூட் ஆகின்றன. இரண்டை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆவணி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தபோது ஒத்திகை பார்த்தோம். நான் கேபிளைப் பிடுங்கிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போனார். அக்கா, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்துச் சொன்னார்: "சிவப்பு கேபிள் மேல் போர்ட்ல, அண்ணே. கீழ இல்ல." பதினோரு நிமிஷத்தில் பேஜ்மேக்கர் திறந்துவிட்டது. சித்தப்பா வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கு அந்த டீ போதும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்டுகள் புதிதாக வருவதில்லை, இருப்பதுதான். கார்டே செத்தால் மாற்று ரீஃப்ளாஷ் செய்து தயாராக இருக்க வேண்டும், அதனால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்லா எஸ்எஸ்டியும் ஒத்துவராது. சில புது எஸ்எஸ்டிகள் 1.5 ஜிகாபிட் வேகத்துக்கு இறங்கிப் பேச மறுக்கின்றன. நான் முதலில் வாங்கியது கார்டின் கண்ணுக்கே தெரியவில்லை, லேப்டாப்பில் நன்றாக ஓடியது. திருப்பித் தரலாம் என்று கடையில் ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். எஸ்எஸ்டிக்கான பவர் கேபிளை எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு ஊசி கனெக்டரிலிருந்து எடுக்க ஒரு மாற்று கேபிள் வேண்டும். அச்சில் வார்த்த மலிவு கேபிள் உருகித் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது, ஒயர்களைத் தனித்தனியாகக் கவ்விச் செய்ததை வாங்குங்கள்.

நான் போட்டது 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள ஒரே ஒரு போர்டில். சிஎஃப் கார்டை ஐந்து மாதம் ஓட்டினேன், இந்தக் கார்டு பத்து மாதமாக ஓடுகிறது. ஐந்து வருஷக் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் தை முகூர்த்தம் முழுக்க ஒரு நாள்கூட மெஷின் படுக்கவில்லை, டிராயரில் இருக்கும் இரண்டாவது எஸ்எஸ்டியை அந்த ஒத்திகைக்குப் பிறகு இமேஜ் எழுத மட்டும்தான் வெளியே எடுக்கிறேன்.