ஆஃபாஸ் டைக் பாதை: ஆறு வருடம் துண்டு துண்டாக நடந்த அனுபவம்

வேல்ஸ் - இங்கிலாந்து எல்லையை ஒட்டி, செப்ஸ்டோ பக்கத்தில் தொடங்கி வடக்கே பிரெஸ்டாட்டின் கடற்கரை வரை 285 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறு வருடம் ஆனது. பர்மிங்காமில் வேலை, லீவும், ரயிலும், மழையில்லாத நாளும் ஒன்றுசேர வேண்டும். மூன்றாவதை இரண்டாம் வருடமே கைவிட்டேன்.

ஆஃபா எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட அரசன். அவன் எழுப்பிய மண்கரையின் (அதுதான் 'டைக்') மேலேயே முழுக்க நடக்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பாதி தூரத்துக்கு மேல் கரையே கண்ணில் படாது. கரையைச் சரியாகப் பார்க்க நைட்டன் ஊருக்குப் போக வேண்டும். 1971-இல் இந்தப் பாதையைத் திறந்து வைத்ததும் அங்கேதான். பள்ளம் பெரும்பாலும் வேல்ஸ் பக்கம், மேடு இங்கிலாந்து பக்கம். யார் யாரைப் பார்த்து வெட்டியது என்று சொல்ல வரலாற்று ஆசிரியர் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், ஊர் வேல்ஸில், அதன் ரயில் நிலையம் இங்கிலாந்தில்.

நைட்டனிலிருந்து மாண்ட்கோமரி பக்கம் போகும் துண்டுதான் என் கணக்கில் முதலிடம். ஒரு மலை ஏறி முடித்ததும் நேரே பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடும், உடனே அடுத்தது நிற்கும். முட்டி கெஞ்சும். நடைக்கு ஊன்றும் கோல் வயதானவர்களுக்கு என்று நினைத்திருந்த நான், அடுத்த வாரமே ஒரு ஜோடி வாங்கினேன்.

பாண்டியிலிருந்து ஹே-ஆன்-வை வரை ஹேட்டரல் மேட்டில் சுமார் 28 கிலோமீட்டர். வடக்கே நடந்தால் இடது கை வேல்ஸ், வலது கை இங்கிலாந்து. நடுவில் கடை கிடையாது, மேட்டின் மேல் தண்ணீரை நம்ப முடியாது. இரண்டு லிட்டராவது கொண்டு போங்கள். நான் போன அன்று மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சதுப்பில் பதித்த கற்பலகைகளைப் பின்தொடர்ந்தே போய்ச் சேர்ந்தேன்.

ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) படம் போட்ட வழிக்குறி பெரும்பாலும் கைவிடாது. ஆனால் ஜூலையில் பெரணிச் செடி தோளுயரம் வளர்ந்து கம்பத்தையே மூடிவிடும். அப்போது காகித மேப்தான். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை மேப், 1:25,000 அளவு வாங்குங்கள். வயல் வேலிகூட அதில் இருக்கும். வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் அங்கே பாதிப் பிரச்சினை.

பூட்ஸ் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். 'தண்ணீர் புகாது' என்று விற்ற ஜோடி இரண்டாம் வருடம் புகவிட்டது. மழையில் அல்ல, காலை நேரத்து ஈரப் புல்லில். இப்போது பூட்ஸுக்கு மேல் காலைச் சுற்றும் உறையான கெய்ட்டர் கட்டிக்கொள்கிறேன், பையில் மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ்.

வடக்கே கிளுவிடியன் மலைகளில் 554 மீட்டர் மோயல் ஃபமாவ்தான் உச்சம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கார் நிறுத்துமிடத்திலிருந்து ஊரே ஏறி வரும். ஆகஸ்டில் ஹெதர் என்ற குட்டைப் புதர் பூத்து மலை ஊதாவாகிவிடும், அதைப் பார்க்க ஒரு புதன்கிழமை லீவு போடலாம்.

பிரெஸ்டாட்டின் கடலில் கால் நனைத்தாயிற்று. ஆனாலும் ஹேட்டரலை மட்டும் நடந்த கணக்கில் சேர்க்கவில்லை. மே மாதம், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, திரும்பப் போகிறேன்.